அம்மாவின் காலுக்கு வாங்கிய வாஸலின்

கடந்த தை மாதம் கனடாவில், ரொறன்ரோவில் தம்பி வீட்டில் அம்மாவின் கட்டில் விரிப்பை மாற்றும்போது, கால்மாட்டுப் பக்கம் கடுகளவு இரத்தப் பொட்டுகள் ஏழெட்டு இருந்தன. மூட்டைப்பூச்சியாக இருக்குமோ என்று மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உடுப்பை முழங்கால் வரை உயர்த்திப் பார்த்தபோதுதான் விளங்கியது. முழங்காலுக்குக் கீழே, எலும்பு நீளமாகத் தெரியும் முன்பக்கத்தில், தோல் மீன் செதிள் போலச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு கட்டத்தின் ஓரமும் வெள்ளையாகக் காய்ந்து மேலே எழும்பி நின்றது. கட்டங்களுக்கு இடையில் ஓடிய கோடுகள் சிவப்பு. சில இடங்களில் கோடு வெடித்து, மேலே பொருக்குக் கட்டியிருந்தது.

"எத்தனை நாளா அம்மா இப்பிடி?"

"வந்து ஒரு கிழமையிலயே தொடங்கிட்டுது பிள்ளை. இரவிலதான் கூட. போர்வைக்குள்ள கால் சூடாக, சொறியாமல் இருக்கேலாது. உங்களுக்கெல்லாம் ஏன் கரைச்சல் எண்டு சொல்லேல்லை."

அம்மாவுக்கு 74 வயது. கொழும்பில், வெள்ளவத்தையில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்கியல் அலுவலகத்தில் வேலை. தம்பியின் மூத்த மகள் பல்கலைக்கழகம் போகிறாள் என்று பார்க்கப் போனோம். மார்கழி நடுப்பகுதியிலிருந்து மாசி முடியும் வரை பத்துக் கிழமை அங்கே நின்றோம். அந்தப் பத்துக் கிழமையில் அம்மாவின் காலை ஆற்றியது, நான் கடைசி நேரத்தில் காலி வீதியில் ஒரு பாமசியில் வாங்கிக் கைப்பையில் போட்ட சாதாரண வெள்ளைப் பெற்றோலியம் ஜெலி. எங்கள் வீட்டில் எந்தக் கம்பனியின் ஜெலி என்றாலும் அதற்குப் பெயர் வாஸலின்தான். நான் வாங்கியது வேறொரு கம்பனியுடையது. ஆனால் வாசனை இல்லை, நிறம் இல்லை, போத்தலின் பின்னால் சேர்மானம் என்று ஒரேயொரு பெயர்தான் எழுதியிருந்தது. குளிர் நாட்டுக்கு வயதான ஆட்களை அழைத்துப் போகிறவர்களும், இங்கேயே நாள் முழுக்க ஏசியில் இருக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். போவதற்கு முன் கொழும்பில் ஒரு பெரிய கடையில் "குளிர் நாட்டுக்குப் போகிறோம், அம்மாவின் தோலுக்கு ஒன்று தாருங்கள்" என்று கேட்டேன். அங்கே நின்ற பிள்ளை நல்ல மரியாதையாகக் கதைத்து ஒரு லோஷன் தந்தாள். அழகான போத்தல், மேலே பூப் படம், நல்ல வாசம், விலையும் அதற்கேற்ற மாதிரி. அம்மாவுக்கும் வாசம் பிடித்துவிட்டது. ரொறன்ரோவில் காலையும் மாலையும் ஒழுங்காகப் பூசினார். பூசியவுடன் கால் மினுங்கும். அரை மணித்தியாலத்தில் பழையபடி வெளுத்துவிடும். தோல் வெடித்த பிறகு பூசியபோது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "எரியுது" என்றார். அன்றைக்குத்தான் போத்தலின் பின்பக்கத்தை ஆறுதலாக வாசித்தேன். முதலாவது தண்ணீர். கொஞ்சம் கீழே அல்கஹோல். கடைசிக்குக் கிட்ட வாசனைப் பொருள். லோஷன் என்றால் பெரும்பகுதி தண்ணீர்தான். தோலில் பரவும், காய்ந்து போகும், எண்ணெய்ப் பகுதி மெல்லிய பூச்சாக மட்டும் மிஞ்சும். கொழும்பின் ஈரக் காற்றுக்கு அது போதும். அந்த வீட்டுக்குள் இருந்த காற்றுக்குப் போதவில்லை. அல்கஹோலும் வாசனையும் வெடித்த தோலில் பட்டால் எரியாமல் என்ன செய்யும்?

அந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிர்தான் தோலைக் காயவைக்கிறது என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அதனால் அம்மா வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஹீட்டரையும் கூட்டி வைத்தோம். நிலைமையை மோசமாக்கியதே அதுதான்.

கொழும்பில் ஒரு சாதாரண நாளை எடுங்கள். 28 பாகை வெப்பம், 80 வீத ஈரப்பதன். அந்தக் காற்றில் ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய 22 கிராம் நீராவி இருக்கும். ரொறன்ரோவில் வெளியே மறை 10 பாகை என்றால், காற்று முழுக்க ஈரமாக இருந்தாலும் ஒரு கன மீற்றரில் 2.3 கிராமுக்கு மேல் நீராவி நிற்காது. குளிர்ந்த காற்றால் அவ்வளவுதான் தாங்க முடியும். அந்தக் காற்றுத்தான் கதவு, ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து, ஹீட்டரில் 22 பாகைக்குச் சூடாகிறது. சூடாகும்போது புதிதாகத் தண்ணீர் சேர்வதில்லை. 22 பாகைக் காற்று 19 கிராம் வரை தாங்கும். அதில் இருப்பதோ இரண்டு கிராம் சொச்சம். மிச்சத்துக்கு அது எங்கே போகும்? மரத் தளபாடத்திலிருந்து எடுக்கும், மூக்கிலிருந்து எடுக்கும், அம்மாவின் காலிலிருந்து எடுக்கும். சமையலும் குளியலும் கொஞ்சம் நீராவியைச் சேர்க்கும்தான். என்றாலும் மருமகள் தன் அறையிலிருந்த சின்ன ஈரப்பதன் மானியை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தபோது அது காட்டியது 19. வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த தோல் 80க்குப் பழகியது.

தோலின் மேல்படையைக் கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய மதில் என்று சொல்லலாம். இறந்து தட்டையான கலங்கள் கல். இடையில் உள்ள சாந்து கொழுப்பு: செரமைட், கொலஸ்ட்ரோல், கொழுப்பமிலங்கள். அந்தச் சாந்து நன்றாக இருந்தால் உள்ளேயிருக்கும் தண்ணீர் வெளியே போகாது. வயது போகப் போகச் சாந்து குறைகிறது. முழங்காலுக்குக் கீழே எண்ணெய்ச் சுரப்பிகளும் குறைவு. அதனால்தான் முகம் நன்றாக இருக்க, கால் முதலில் வெடிக்கிறது. செதிள் ஏன் வருகிறது என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. மேலே உள்ள இறந்த கலங்கள் தினமும் கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக உதிர வேண்டும். அவற்றைக் கழற்றிவிடும் நொதியங்கள் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் கலங்கள் தனித்தனியாக உதிராமல் கூட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நாங்கள் பார்க்கும் வெள்ளைச் செதிள் அதுதான். அம்மா அதை ஊத்தை என்று நினைத்து நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு வலித்தது. மூன்று கிழமையாக, காய்ந்த தோலை, சுடுதண்ணியில், சவுக்காரம் போட்டு, நாரால்.

சுடுதண்ணியைப் பற்றி அம்மாவில் குற்றம் சொல்லவே முடியாது. இங்கே காலையும் பின்னேரமும் குளிக்கிற ஆள். அந்தக் குளிரில் அந்த வீட்டில் அவருக்குச் சுகமாக இருந்த ஒரே இடம் குளியலறை. இருபது நிமிடம், சில நேரம் அரை மணித்தியாலம், தோல் சிவக்கச் சிவக்கத் தண்ணீருக்குக் கீழே நிற்பார். சூடான தண்ணீர் அந்தக் கொழுப்புச் சாந்தைக் கரைத்துக்கொண்டு போகும். சவுக்காரம் மிச்சத்தையும் எடுத்துவிடும். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலம், பிஎச் 5க்கு அங்கே இங்கே. சாதாரணச் சவுக்காரக் கட்டி 9, 10, அதாவது காரம். ஒரு நாளைக்கு இரண்டு தரம் இப்படி நடந்தால் 20 வயதுத் தோலும் தாங்காது.

தம்பியின் குடும்ப டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அம்மாவுக்கு நீரிழிவும் இருப்பதால் எனக்குப் பயம். காலில் புண் வந்தால் பிறகு என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்தானே. அவர் காலை நன்றாகத் தடவிப் பார்த்தார், பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பார்த்தார், தைரொயிட் சோதனை எப்போது செய்தது என்று கேட்டார். அது குறைந்தாலும் தோல் காயும், சிறுநீரகம் பழுதானாலும் தோல் காய்ந்து சொறியும், அதற்காகத்தான் கேட்கிறேன் என்றார். கிருமி ஏறவில்லை, வெறும் வறட்சிதான் என்று உறுதியாகச் சொன்ன பிறகு, நாங்கள் என்ன பூசுகிறோம் என்று விசாரித்தார். நான் கைப்பையைத் திறந்து லோஷனை எடுத்தேன். பக்கத்தில் கிடந்த ஜெலிப் போத்தலைக் கண்டுவிட்டு, "இது இருக்கிறதே! இதைப் பூசுங்கள்" என்றார். நான் அதை உதட்டுக்கென்று வாங்கி வைத்திருந்தேன்.

அவர் சொன்ன முறையை அப்படியே எழுதுகிறேன். பொருளை விட அந்த முறைதான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். குளியல் ஒரு நாளைக்கு ஒரு தரம், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தண்ணீர் இளஞ்சூடு. சவுக்காரம் கக்கத்துக்கும் இடுப்புக்குக் கீழே மறைவிடத்துக்கும் பாதத்துக்கும் மட்டும். கைகாலுக்கு வெறும் தண்ணீர் போதும். துவாயால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. மூன்று நிமிடத்துக்குள், தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, ஜெலியைப் பூச வேண்டும். குளியலறைக் கதவைத் திறக்க முன்னமே பூசி முடித்துவிடுங்கள் என்றார். கதவு மூடியிருக்கும் வரை உள்ளே ஆவி நிற்கும், காலும் காயாது.

அன்றிரவு அம்மாவைக் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்து நானே பூசினேன். போத்தலிலிருந்து ஒரு கடலை அளவு எடுத்து உள்ளங்கை இரண்டுக்கும் நடுவில் தேய்க்க, முதலில் மெழுகு மாதிரி இழுபடும். பத்தோ பதினைந்தோ எண்ணும் நேரத்துக்குள் உள்ளங்கைச் சூட்டில் இளகி, பார்க்கத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் காலில் வைக்க வேண்டும். ஈரக் காலில் வைத்தவுடன் ஒட்டாது. வழுக்கும், தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு கையோடு ஓடும். ஒட்டவில்லையே என்று இன்னும் அள்ளிப் போடத் தோன்றும். அள்ளக் கூடாது. மேலிருந்து கீழே, மயிர் போகும் பக்கமாக, மெதுவாக நாலைந்து தரம் நீவினால் அந்த முத்துகள் உடைந்து ஜெலிக்கு அடியில் போய்விடும். வெளுத்துக் கிடந்த செதிள் ஓரங்கள் ஒவ்வொன்றாகப் படிந்து, கண்ணாடி மாதிரி ஆகி, அடியில் உள்ள தோலின் நிறம் தெரியத் தொடங்கும். அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "எரியேல்லை பிள்ளை" என்றார். நான் கேட்க முன்னமே சொன்னார்.

நான்காம் இரவு சொறிச்சல் குறைந்தது. பத்து நாளில் வெடிப்புகள் மூடி, பொருக்கு உதிர்ந்தது. மாசி முதல் கிழமையில் விரிப்பில் ஒரு பொட்டும் இல்லை. ஹீட்டரை 24இலிருந்து 21க்குக் குறைத்து அம்மாவுக்கு இன்னொரு சுவெட்டர் போட்டதும், அறைக்கு ஒரு ஈரமூட்டும் கருவி வாங்கி வைத்ததும் இதோடு சேர்த்திதான், ஆகவே முழுப் புகழையும் ஒரு போத்தலுக்குக் கொடுக்க மாட்டேன். கருவியை வைத்து ஈரப்பதனை 35, 40க்குக் கொண்டுவந்தோம். அதற்கு மேல் ஏற்றினால் குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து பூஞ்சணம் பிடிக்கும். தண்ணீரைத் தினமும் மாற்றி, தொட்டியைக் கழுவவும் வேண்டும். மச்சாள் அதைத் தவறாமல் செய்தா.

இந்த ஜெலிக்கு ஒரு வரலாறு உண்டு. 1859இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்டிய இடத்துக்கு ராபர்ட் சீஸ்பரோ என்ற இளம் இரசாயனவியலாளர் போயிருக்கிறார். இயந்திரத் தண்டுகளில் ஒட்டும் கறுப்பு மெழுகை வேலையாட்கள் வெட்டுக்காயத்துக்கும் சுட்ட புண்ணுக்கும் பூசுவதைக் கண்டு, அதைச் சுத்திகரித்து வெள்ளையாக்கி, 1872இல் வாஸலின் என்று உரிமம் எடுத்தார். 150 வருடத்துக்கு மேலாகியும் தோலிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போவதைத் தடுப்பதில் இதை மிஞ்சுவதற்கு அதிகம் இல்லை. ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும்: இதில் தண்ணீர் துளியும் இல்லை, இது தோலுக்கு ஈரம் கொடுப்பதில்லை. இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் மூடி பிடிக்கும், அவ்வளவுதான். காய்ந்த காலில் பூசினால் வறட்சியைத்தான் மூடி வைப்பீர்கள். "நாங்களும் பூசினோம், ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்கிறவர்களில் பலர் காலைத் துடைத்து, உடுப்பு மாற்றி, சாப்பிட்டு, படுக்கப் போகும்போது பூசியவர்களாக இருப்பார்கள். நானும் என் குதிக்காலுக்கு வருடக்கணக்காக அப்படித்தான் பூசினேன்.

குறைகளும் இருக்கின்றன. பிசுபிசுப்பு முதலாவது. பூசி அரை மணித்தியாலம் எதிலும் கால் படாமல் இருக்க முடியாது. அம்மாவுக்குப் பழைய பருத்திப் பிஜாமா ஒன்றை ஒதுக்கி, அதைப் போட்ட பிறகுதான் கட்டிலில் ஏறவிட்டோம். விரிப்பில் பட்ட கறை சாதாரணமாகத் துவைத்தால் போகாது. சுடுதண்ணியில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். இரண்டாவது, குளியலறைத் தரை. ஒரு துளி விழுந்தாலும் வழுக்கும். வயதான ஆள் விழுந்தால் தோல் வறட்சியெல்லாம் சின்ன விஷயமாகிவிடும். ஸ்டூலில் இருத்திப் பூசி, பாதத்துக்குக் கடைசியாகப் பூசி, உடனே காலுறை போட்டுவிடுங்கள். மூன்றாவதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்: நெருப்பு. இப்படியான பூச்சுகள் ஊறிக் காய்ந்த துணி சாதாரணத் துணியை விட வேகமாகத் தீப்பிடிக்கும். அம்மா விடிய எழும்பிச் சாமிக்கு விளக்கு வைக்கிற ஆள், அடுப்படியிலும் நிற்பார். அதனால் இரவு உடுப்பை மாற்றிய பிறகுதான் சாமி அறைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். துவைத்தாலும் அந்த எண்ணெய் முழுக்கப் போகாது, ஆகவே அந்தப் பிஜாமா படுக்கைக்கு மட்டும்தான். நீரிழிவு உள்ளவர்கள் கால்விரல் இடுக்கில் பூசவே கூடாது. அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சணம் வரும்.

இனி எல்லாரும் கேட்கிற கேள்வி: தேங்காய் எண்ணெய் இருக்க இது எதற்கு? தேங்காய் எண்ணெய் நல்ல பொருள்தான், மறுக்க மாட்டேன். பிலிப்பைன்ஸில் செய்து 2004இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில் வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயும், பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்ததாகக் கண்டிருக்கிறார்கள். அம்மாவும் ஒரு போத்தல் கொண்டுவந்திருந்தார். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். தம்பி வீட்டுக் குளியலறையில் அது வெள்ளைக் கல்லாக நின்றது. தினமும் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளக்கி எடுப்பதற்குள் மூன்று நிமிடம் போய்விடும். குளிரான நுவரெலியாவில் விடுமுறைக்கு அறை எடுத்தவர்களுக்கு இது தெரியும். இங்கே வெள்ளவத்தையில் என்றால் நான் இப்போதும் கைகாலுக்குத் தேங்காய் எண்ணெய்தான் சொல்வேன், அதையும் ஈரத்தோடு. நல்லெண்ணெய் முழுக்கு வேறு கதை. எண்ணெய் வைத்து ஊறியபின் அரப்பும் சுடுதண்ணியும் போட்டு உரஞ்சி எடுத்துவிடுகிறோமே, தோலில் மிஞ்சுவது என்ன? முழுக்கு உடம்புக்குச் சுகம், அதற்காகச் செய்யலாம். வெடித்த காலுக்கு ஒலிவ் எண்ணெய் வேண்டாம். அதில் கூடுதலாக உள்ள ஒலெயிக் அமிலம் அந்தச் சாந்தைக் கெடுக்கும் என்று சொல்கிறார்கள். சமையலுக்கு நல்லது.

பாமசியில் யூரியா கிரீம் என்றும் கிடைக்கும். பெயரைக் கேட்டு வயலுக்குப் போடும் உரம் என்று அம்மா முகம் சுளித்தார். யூரியா எங்கள் தோலிலேயே இயற்கையாக இருந்து தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள்தான். 10 வீதக் கிரீம் ஈரம் பிடிக்கும். 20க்கு மேலே போனால் தடித்த தோலை இளக்கிக் கழற்றும். அது குதிக்கால் வெடிப்புக்கு. நான் திரும்பி வந்த பிறகு என் குதிக்காலுக்குப் பயன்படுத்திப் பார்த்தேன், ஜெலியை விட நல்ல பலன். ஆனால் வெடித்து இரத்தம் கசியும் தோலில் வைத்தால் கடுமையாக எரியும், அம்மாவின் கால் இருந்த நிலைக்கு அது சரிவராது. செரமைட் சேர்த்த கிரீம்களும் நல்லவை என்று அந்த டொக்டர் சொன்னார். பிசுபிசுப்புப் பிடிக்காதவர்கள் பகலில் அதைப் பூசி இரவில் ஜெலி பூசலாம். விலை அதிகம் என்பதால் நாங்கள் அதற்குப் போகவில்லை.

திரும்பும் விமானத்தில் சின்னப் போத்தல் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டோம். ஜெலியும் திரவக் கணக்கில்தான் சேரும், ஆகவே பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிலீற்றருக்குக் கூடிய போத்தல் வைக்க முடியாது. நீண்ட பயணத்தில் விமானத்துக்குள் ஈரப்பதன் பெரும்பாலும் 20 வீதத்துக்கும் கீழே. அந்த வீட்டை விட மோசம். அம்மா ஒரு கைக்குட்டையை நனைத்துக் கால்களை ஒற்றி, மேலே ஜெலி பூசிக்கொண்டார். இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே செய்தார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் கதவு திறந்து அந்த ஈரச் சூடு முகத்தில் அடித்ததும் "அப்பாடா" என்றார்.

அம்மாவுக்கு இனித் தேவையில்லை, எனக்குத் தேவை. அலுவலகத்தில் என் மேசை ஏசிக்கு நேர் கீழே. காலி வீதி நடைபாதையில் நடக்கும்போது தலையில் சொட்டுச் சொட்டாக விழுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? உள்ளே இருக்கிற எங்கள் காற்றிலிருந்து ஏசி உறிஞ்சி எடுத்த தண்ணீர் அது. கனடா வீட்டு அளவுக்கு இல்லை என்றாலும், ஒன்பது மணித்தியாலம் அந்தக் காற்று நேராக முன்கையில் அடித்தால் தோல் வெளுத்து, நகத்தால் கீறினால் கோடு விழும். மார்கழி, தையில் காலைக் குளிரோடு இது இன்னும் கூடும். நான் முதலில் ஏசியின் தகட்டை மேல் நோக்கித் திருப்பச் சொன்னேன்; பாதி அதிலேயே சரியாகிவிட்டது. மிச்சத்துக்கு, மதியம் கை கழுவியவுடன் ஈரக் கையில் ஒரு பயறளவு ஜெலி. அதற்கு மேல் வைத்தால் கணக்குத் தாள்களில் விரல் அடையாளம் விழும். வெயிலில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டிய நாளில் பூசுவதில்லை. வியர்வைக்கு வழி அடைபட்டு வியர்க்குரு வரும். முகத்திலும், பரு வருகிறவர்கள் தவிர்ப்பது நல்லது.

வாங்குகிறவர்களுக்கு: சேர்மானத்தில் பெற்றோலியம் ஜெலி என்ற ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வாசனை, நிறம், மூலிகை சேர்த்தவை பக்கத்திலேயே அதே அளவுப் போத்தலில் இருக்கும், அவசரத்தில் அதை எடுத்துவிடுவீர்கள். மூடிக்கு அடியில் உள்ள தகடு உடையாமல் இருக்க வேண்டும், திகதியும் தெளிவாக இருக்க வேண்டும். விலை கடைக்குக் கடை மாறுகிறது, ஆனால் நான் முதலில் வாங்கிய லோஷனின் காற்பங்கும் வராது. இரண்டு காலுக்கும் இரண்டு கைக்கும் தினமும் பூசினால் 100 மில்லிலீற்றர்ப் போத்தல் எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் வந்தது. பத்துக் கிழமைக்குப் போகிறவர்கள் பெரிய போத்தல் ஒன்றைப் பெட்டியிலும் சின்னது ஒன்றைக் கைப்பையிலும் வையுங்கள். இரண்டு கிழமை ஒழுங்காகப் பூசியும் குறையாவிட்டால், அல்லது தோல் சிவந்து சூடாகி நீர் கசிந்தால், அல்லது உடம்பு முழுக்கச் சொறிந்தால், வீட்டில் இருந்து பூசிக்கொண்டிருக்க வேண்டாம், டொக்டரிடம் காட்டுங்கள்.

மேல்மாடியில் இருக்கும் அன்ரி வருகிற மாதம் மகளிடம் லண்டன் போகிறார். நேற்றுப் பின்னேரம் அம்மா அவருக்கு ஒரு போத்தல் வாங்கி வைத்திருந்து, படியில் மறித்துக் கொடுத்தார். "குளிச்ச ஈரத்தோட பூசுங்கோ. துவாயால துடைச்சுப்போட்டுப் பூசினால் பிரயோசனம் இல்லை. நார் போடாதேங்கோ." அன்ரி தலையாட்டிக்கொண்டு ஏறப் போக, அம்மா திரும்பவும் கூப்பிட்டார். "ஸ்டூலில இருந்து பூசுங்கோ, வழுக்கும்."